என் தலையையும் அளந்தார்கள்

நெல்லு ஈரத்தில் என்னை ஏமாற்றினவன் தஞ்சாவூர் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூட்டை தூக்கி, சொந்தமாக அரிசி மில் வைத்தவன் நான். ஈரம் பார்க்கிற மிஷின் புதிதாக வாங்கினால், ஒரே நெல்லைப் பழைய மிஷினிலும் புதிதிலும் போட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாகக் காட்டாது. அந்த வித்தியாசத்தைக் கழித்துத்தான் விலை பேசுவேன்.

என் சம்சாரம் விஷயத்தில் அந்தப் புத்தி எங்கே போச்சோ தெரியவில்லை.

அவளுக்கு மறதி வந்தது. அடுப்பை மறந்தாள், மகள் பெயரை மறந்தாள். தஞ்சாவூரில் தலையை ஸ்கேன் எடுத்து, மூளை சுருங்குகிறது என்றார்கள். விடுவேனா? தினமும் வல்லாரையை நானே அரைத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷம் மகள் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போய், அங்கே ஒரு புது மிஷினில் எடுத்தாள். மூளையின் அளவு கூடியிருந்தது. மில்லுக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். டாக்டர்களால் ஆகாததை நான் செய்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாமல் விடவில்லை.

முதலில் அவளைப் பார்த்த தஞ்சாவூர் டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொரு மாதிரி காட்டும், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். எனக்குச் சுருக்கென்றது.

“அப்ப என் தலையை ரெண்டு மிஷின்லயும் போட்டுப் பாருங்கம்மா. இதுல ஒண்ணும் குறைச்சல் இல்லை.”

ஒரு ஆளை வைத்து முடிவு சொல்லக் கூடாது, பல பேரை எடுத்துப் பார்க்கணும் என்றார். நான் கேட்கவில்லை. அந்த வாரமே இரண்டு ஊரிலும் போய்ப் படுத்தேன். உள்ளே தடதடவென்று ஒரே சத்தம். மில்லில் தூங்கிப் பழகினவனுக்கு அது ஒரு பொருட்டா? ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

படங்களைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்.

“ஐயா, திருச்சி மிஷின்ல உங்க மூளையும் பெருசாத்தான் தெரியுது. அம்மாவுக்குக் கூடினதைவிட அதிகமாவே.”

மேற்கொண்டு அவர் பேசினது காதில் ஏறவில்லை. ஒரு வாரத்தில் யாருக்கும் மூளை வளராது. எனக்குக் கூடினதை அவளுடையதிலிருந்து மனசுக்குள்ளேயே கழித்தேன். போன வருஷத்தைவிடக் குறைந்துதான் போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்றவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நெல்லு விஷயமா வந்தீங்களா? அவங்க வெளியில போயிருக்காங்க. உக்காருங்க, வந்துடுவாங்க. ஆனா ஈரம் சரியா இருக்கணும். அவங்களை ஏமாத்த முடியாது.”

உட்கார்ந்தேன்.