என் பெயரில் எடுத்த ஸ்கேன்

செவிலியரின் கையில் ஒரு சிறிய வெள்ளைப் பீங்கான் உரல் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நினைவில்லாத நோயாளியால் மாத்திரையை விழுங்க முடியாது. அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாயில் செலுத்துவார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது தீவிர சிகிச்சை அறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியே எனக்குத் தெரிந்தவை அந்த உரலும், பக்கத்துத் தட்டில் அட்டையிலிருந்து இன்னும் பிரிக்காமல் கிடந்த மாத்திரைகளும்தான். அவை உரலுக்குள் விழுவதற்கு முன் நான் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

உள்ளே கிடந்தவர் என் அக்காவின் கணவர். நான் பள்ளியில் படிக்கும்போதே ஆவடியில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். ஏணி ஏறித்தான் அதன் கூண்டுக்குப் போக வேண்டும். அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் மாமாவின் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும். “கீழ கீறவன் தலைக்கு மேல டன்னு கணக்குல தொங்கவுட்டுகினு போறேன் மச்சான். அவன் நிமுந்துகூட பாக்க மாட்டான். அதான் எனக்கு மரியாத” என்பார்.

அன்று காலைத் தேநீருக்காகக் கீழே இறங்கியவர், ஏணியைத் தாண்டி நாலடி நடந்து சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. முதலுதவி தெரிந்த இரண்டு ஃபிட்டர்கள் மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். ஆம்புலன்ஸில் கொடுத்த மின் அதிர்ச்சியில் துடிப்பு திரும்பியது, நினைவு திரும்பவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருந்த செய்தியைப் பாதியில் விட்டுவிட்டு, பூந்தமல்லியில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்த மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அடைபட்ட ரத்தக்குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள்.

இதய மருத்துவர் வெளியே வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். கனமான கதிர்வீச்சுத் தடுப்பு அங்கியைக் கழற்றாமலே பேசினார்.

“ஸ்டென்ட் வச்சாச்சு. இனிமே அதுல ரத்தம் உறையாம பாத்துக்கணும். உறைஞ்சா மறுபடியும் இதயம் நின்னுடும். அதுக்கு நல்ல பலமான மாத்திரை ஒண்ணு இருக்கு. ஆனா ஏற்கெனவே பக்கவாதம் வந்தவங்களுக்குக் குடுத்தா மூளைல ரத்தம் கசியலாம். அதான் கேக்குறேன். இவருக்கு எப்பவாவது வாய் கோணிச்சா? கை கால் மரத்துப் போச்சா? ஒரே ஒரு தடவையாவது?”

அக்கா மருத்துவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். அவர் தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி. மாமாவுடன் ஆம்புலன்ஸிலேயே வந்தவர். அதுவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“அதெல்லாம் ஒண்ணுமே இல்ல மேடம். ஒரு தலவலின்னுகூட படுத்தது கெடையாது” என்றாள் அக்கா.

மருத்துவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

நானும் அங்கேதான் நின்றேன். நான் மறுத்துப் பேசவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாள் காலையில் மாமாவின் வலக்கையிலிருந்து டீ டம்ளர் நழுவி விழுந்தது. வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. முகப்பேரில் நாங்கள் பார்த்த மருத்துவர் ஒரு மையத்தின் பெயரைச் சொல்லி, அங்கே தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மாமா மறுத்தார். ஆண்டுதோறும் தொழிற்சாலை தன் ஆட்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அதே ஸ்கேன் மையத்துக்குத்தான். “கம்ப்யூட்டர்ல பேரு ஏறிச்சின்னா அது எங்கெங்க போவும்னு யாரு கண்டா? தெரிஞ்சிதுன்னு வையி, கிரேன்ல இருந்து எறக்கி கேட்டாண்ட குந்த வச்சிடுவான். போற வர வண்டி நம்பர எழுதிகினு கெடக்கணும்” என்றார்.

என் பெயரில் எடுக்கலாம் என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை சரிபார்த்து அச்சுக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவன், என் பெயரையும் என் வயதையும் அந்தப் படிவத்தில் எழுதினேன். மாமா ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் போய்ப் படுத்தார். சிறிய ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு, கசிவு ஏதும் இல்லை என்று அறிக்கை வந்தது. என் பெயர் இருந்ததால் அது என் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை மாமா ஒரு மாதம் சாப்பிட்டார். பிறகு, சட்டைப் பையில் அட்டை சத்தம் போடுகிறது, யாராவது என்னவென்று கேட்பார்கள் என்று நிறுத்திவிட்டார். திரும்பவும் ஏணி ஏறினார். கீழே இருந்தவர்கள் வழக்கம்போல நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்தார்கள்.

“அக்கா, சொல்லிடலாம்” என்றேன் காதருகில்.

“சும்மா இர்றா. அந்தாளு நிக்கிறாரு பாரு. மாமாவுக்கு வேல பூடும்.”

இதயம் நின்றுபோன மனிதரை எந்தத் தொழிற்சாலையும் மறுபடியும் கிரேனில் ஏற்றாது. காப்பதற்கு அங்கே ரகசியம் மட்டும்தான் இருந்தது, வேலை இல்லை. அக்காவுக்கு அது உறைக்கவில்லை. எனக்கும் உடனே உறைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய பதில் வாயில் தயாராக இருந்தது. கேள்வி மாறிவிட்டதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

கண்ணாடி வழியே பார்த்தேன். செவிலியர் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார். நான் கதவைத் தள்ளினேன்.

“சார், செருப்போட உள்ள வரக்கூடாது!”

“அந்த மாத்திரைய நிறுத்துங்க” என்றேன். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு வாய் கோணிச்சு.”

மருத்துவர் திரும்பினார். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், ஸ்கேன் எடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன்.

“அந்த ஸ்கேன் இவரு பேர்ல இருக்கா?”

“இல்ல மேடம். என் பேர்ல.”

கதவு திறந்தே இருந்தது. பின்னால் அக்காவும், அவளுக்குப் பக்கத்தில் பணியாளர் அதிகாரியும் நின்றார்கள்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. அறிக்கை வேண்டும் என்றார். என் மனைவிக்குப் போன் செய்தேன். அவள் அலமாரியைத் தேடிப் படமெடுத்து அனுப்பும்வரை செவிலியர் மாத்திரை அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். செயற்கைச் சுவாசக் கருவி மட்டும் மூச்சு விட்டது. மருத்துவர் என் கைப்பேசியை வாங்கி எழுத்துகளைப் பெரிதாக்கிப் படித்தார். பிறகு செவிலியரிடம், “பிராசுக்ரெல் வேணாம், எடுத்து வைங்க. டிகாக்ரெலார் கரைங்க” என்றார். பழைய நோய் அடைப்புதான், கசிவு இல்லை என்பதால் இந்த இரண்டாவது மாத்திரையைக் கொடுக்கலாமாம். இதயம் நின்று திரும்பியவர்களின் வயிறு மாத்திரையை மெதுவாகத்தான் ஏற்கும். அது வேலை செய்யத் தொடங்கும்வரை ரத்தம் உறையாமல் இருக்க நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவதாகவும், கசிவு ஏற்பட்டால் அதை உடனே நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: “நான் மொதல்ல கேட்டப்ப நீங்களும் அங்கதான நின்னீங்க?”

“ஆமா மேடம்.”

அவர் மாமாவின் கட்டிலுக்குத் திரும்பினார்.

அடுத்த இரண்டு நாள்கள் இரண்டு பயங்களுக்கு நடுவே கழிந்தன. செவிலியர் டார்ச் விளக்கடித்து மாமாவின் கண்மணிகளைப் பார்க்கும்போது மூளையில் கசிவோ என்று நினைத்தோம். திரையில் கோடு சற்றே மாறினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தோம். மூன்றாம் நாள் அவர் கண் திறந்தார். தொண்டையிலிருந்த சுவாசக் குழாயை எடுத்த பிறகு, கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி, “கிரேன யாரு ஓட்றது?”

பணியாளர் அதிகாரி அன்று அங்கே இருந்தார். தென்மாவட்டத்துக்காரர், குரலை உயர்த்தாதவர். மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்து அக்காவிடம் சொன்னார்: “நல்லா வந்துட்டாரு, சந்தோசம். ஆனா அவரு தொங்கவிட்ட இரும்புக்குக் கீழ தெனமும் நானும்தானம்மா நடந்தேன்.”

மாமா இப்போது தொழிற்சாலை வாயிலில்தான் உட்கார்ந்திருக்கிறார். போகிற வருகிற வண்டிகளின் எண்களை எழுதுகிறார். மாத்திரைகளை எல்லோர் முன்னாலும் சாப்பிடுகிறார்.

சென்ற மாதம் கழுத்துவலிக்காக அதே ஸ்கேன் மையத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்திருக்கே சார், இப்ப மாத்திரை எதுவும் சாப்புடலையா?” என்றாள். அது நான் இல்லை என்றேன். பெயரும் வயதும் கைப்பேசி எண்ணும் சரியாக இருக்கின்றனவே என்றாள். மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு நான் எங்காவது நினைவில்லாமல் விழுந்து, மருத்துவர் வெளியே வந்து கேட்டால், வாய் கோணியது தம்பிக்கு இல்லை, என் புருஷனுக்கு என்று உடனே சொல்ல வேண்டும் என்றேன்.

“இன்னாடி, சொல்லுவியா?” என்று சிரித்தார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. என்னிடம் கேட்டாள்: “அப்ப பக்கத்துல யாருடா நிப்பாங்க? உன் ஆபீசுக்காரங்களா?”