என் மகள் ஏற்ற மறுத்த படச்சுருள்

வியாழன் காலை

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகப் பேருந்துக் கட்டணம் பதினைந்து ரிங்கிட். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. முதலில் இருபுறமும் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள், பிறகு அடுக்குமாடிகள், கடைசியில் சென்ட்ரல் ரயில் நிலையம். அதை ஒட்டியே பிரிக்பீல்ட்ஸ். பெட்டியை இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்ததும் மல்லிகைச் சரம் தொங்கும் கடைகளும் ஒலிபெருக்கியில் தமிழும் எதிர்கொண்டன. தூத்துக்குடியில் பேருந்தை விட்டு இறங்கியது போலத்தான் இருந்தது. நடைபாதை மட்டும் சுத்தமாக இருந்தது.

நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த நாட்டுக்கு வந்தது ஊர் சுற்ற அல்ல. என் மகள் முத்துச்செல்வி ஒரு பயணிகள் கப்பலில் மூன்றாம் அதிகாரி. கப்பலின் தீயணைப்புக் கருவிகளும் உயிர்காக்கும் படகுகளும் அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியும் நான் அவளைக் கப்பலில் பார்த்ததில்லை. இப்போது அந்தக் கப்பல் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணத்தில் எனக்கும் இடம் கிடைத்திருந்தது.

ஏற்பாடு செய்தவர் சகலை கதிரேசன். என் மனைவியின் பெரியப்பா மகள் புஷ்பம் அக்காவைக் கட்டியவர். பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருக்கிறார். கிள்ளான் பக்கத்துக் கேரி தீவுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் குடும்பங்களிலிருந்து இருநூறு பேரைத் திரட்டி அந்தக் கப்பலில் ஒன்றுகூடல் வைத்திருந்தார். என் மனைவிக்கு மூட்டுவலி, வரமுடியவில்லை.

அவர் கடைக்குப் பக்கத்து உணவகத்தில் உட்கார்ந்தோம். நுரை தள்ள ஆற்றிய தே தாரிக் தேநீர் வந்ததும் சகலை ஒரு பையைத் திறந்து மூன்று தகர டப்பாக்களை மேசையில் வைத்தார். இரண்டு சிறியவை, ஒன்று தட்டு அளவு பெரியது.

“இது என்னா தெரியுமா சகலை? கேரி தீவு மேனேஜர் பங்களாவ இடிச்சப்ப கிடைச்ச ஃபிலிம் ரோலு. இந்தப் பெரிசுல தோட்டத்துப் பந்து பைனல் இருக்கு. போர் முடிஞ்சு கொஞ்ச வருசத்துல துரை எடுத்தது. கோல் கீப்பர் யாரு? எங்கப்பா!”

அவருடைய அப்பா, இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை. துரை கேமராவோடு வந்து நின்றதையும் அப்பா வலையருகே குதித்ததையும் அம்மா சொல்லிக் கேட்டதுதான்.

“அறுபத்தெட்டு வயசாச்சு, எங்கப்பா மூஞ்சி எனக்குத் தெரியாது லா. கப்பல்ல எல்லா சனத்தோடயும் உக்காந்து பாக்கப் போறேன். பழைய புரொஜெக்டரும் வாடகைக்கு எடுத்தாச்சு.” பேச்சின் முடிவில் ‘லா’ சேர்ப்பது அந்த நாட்டு வழக்கம்.

வெள்ளி, காலை பத்து மணி

சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் எனப்படும் புறநகர் ரயிலில் கிள்ளான் வரை போனோம். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. தெரியாமல் ஏறப்போன என்னைச் சகலை கையைப் பிடித்து இழுத்தார். கிள்ளானில் இறங்கி, தெங்கு கெலானா சாலையில் வாழை இலைச் சோறு சாப்பிட்டோம். அங்கே அவருடைய மைத்துனர் காரோடு காத்திருந்தார். பாலத்தைத் தாண்டி இந்தா தீவுக்குப் போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆயிற்று. பயணிகள் கப்பல் நிற்கும் துறை அங்கேதான். காரை நிழலில் நிறுத்தும் முன்பே, கட்டடத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு மாடிவீட்டுத் தெரு மாதிரி கப்பல் எழுந்து நின்றது.

கப்பலுக்குள் கொண்டுபோகும் எந்தக் கருவியையும் முதல் நாளே சோதனைக்குக் காட்ட வேண்டும். கரையில் உள்ள கூடத்தில் காத்திருந்தோம். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, கையில் வானொலிக் கருவியோடு ஒரு பெண் வந்தாள். இரண்டு மாலுமிகள் அவளுக்கு வழிவிட்டார்கள். என் மகள் என்று அறிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. எழுந்து நின்றுவிட்டேன். பெற்ற பிள்ளைக்கு எழுந்து நிற்பார்களா என்று கேட்காதீர்கள். கால் தானாக எழுந்தது.

“வாங்கப்பா. வாங்க பெரியப்பா,” என்று சிரித்தாள். அடுத்த நிமிடமே கையுறை மாட்டிக்கொண்டு டப்பாக்களைத் திறந்தாள்.

சிறிய சுருள்கள் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தாள். எளிதில் தீப்பிடிக்காத வகை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஓரம் நெடுக அச்சாகியிருந்தது. “இது ரெண்டும் சரி,” என்றாள். பெரியதைத் திறந்ததும் புளித்த, மூக்கைக் குத்தும் ஒரு வாடை வந்தது. ஓரத்தில் அந்தச் சொல் இல்லை. மேல் சுற்று பழுப்பாகி, பாகு போல ஒட்டியிருந்தது. தொடாமல் மூடிவிட்டாள்.

“பெரியப்பா, இது நைட்ரேட் ஃபிலிமா இருக்கணும். கப்பல்ல படம் காட்ட இதைப் பயன்படுத்தக் கூடாது. ஏத்த முடியாது.”

“என்னாம்மா, பத்தே நிமிசம்தான் ஓடும்!”

“ஒரு நிமிஷம்னாலும் முடியாது பெரியப்பா. இது ரொம்பக் கம்மி சூட்டுலயே பத்திக்கும். பத்திக்கிட்டா காத்தே வேண்டாம், தானா எரியும். தண்ணி ஊத்தினாலும் அணையாது. புகை விஷம். கரையில தியேட்டர்ல தீப்பிடிச்சா சனம் வெளியே ஓடும். கடல்ல எங்க ஓடும்?”

சகலை எழுந்து காருக்குப் போனார். பின்னாலேயே போனேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் பக்கம் திரும்பினார்.

“சகலை, உங்க மகதானே. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் என்னா தங்கமா கடத்துறேன்? எங்கப்பாவத்தானே பாக்கக் கேக்குறேன்.”

அதைக் கேட்டு யாரால் சும்மா இருக்க முடியும்? திரும்பிக் கூடத்துக்குள் போனேன். அவளைத் தனியே அழைத்து, நம் ஊரில் அலுவலகத்துக்கு அலுவலகம் நாம் எல்லோரும் பேசும் பேச்சை நானும் பேசினேன். “செல்வி, நம்ம மனுஷர்மா. பக்கத்துல நாலு பேர நிறுத்தி வச்சுக் காட்டினா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?”

அவள் முகம் மாறவில்லை. குரல் மட்டும் தணிந்தது.

“அப்பா, அந்த ஹால்ல எத்தன பேர் உக்காரப் போறாங்க? அவங்கள்ல ஒருத்தருக்கும் இந்த டப்பாவப் பத்தித் தெரியாது. தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நம்ம மனுஷருக்காக நான் கண்ண மூடினா, நாளைக்கு வேற யார்கிட்ட எந்த வாயால முடியாதுன்னு சொல்லுவேன்? நீங்க கேட்டதா நான் வச்சுக்கல. போங்க.”

எனக்கு முகம் சுட்டது. வாசல்வரை நடந்தபோது பின்னால் ஓடி வந்தாள்.

“அந்த டப்பாவ வெயில்ல கார்ல வைக்காதீங்க. வீட்டுக்கும் கடைக்கும் கொண்டு போகவே கூடாது. பக்கத்துல தீயணைப்பு நிலையத்துக்கு நான் போன் பண்ணுறேன், அவங்களே வந்து எடுத்துக்குவாங்க. பெரியப்பாகிட்ட சொல்லுங்க, இது தூக்கிப் போடுற சாமான் இல்ல. முறையாப் படியெடுக்கிறவங்க இருக்காங்க.” பிறகு மெதுவாக, “அவரு சாப்பிட்டாராப்பா?” என்றாள்.

வெள்ளி, மாலை நான்கு மணி

தீயணைப்பு வீரர்கள் டப்பாவைத் தங்கள் வண்டியில் ஏற்றிப் போனார்கள். நாங்கள் காரில் பின்தொடர்ந்தோம். நிலையத்தின் மலாய் அதிகாரி நடுத்தர வயதுக்காரர். சகலையின் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் நீண்ட இடுக்கியும் கொண்டுவந்தார். சுருளின் முனையில் ஏற்கெனவே ஒடிந்து கிடந்த விரல் நீளத் துண்டை எடுத்து, திறந்த வெளியில் தகரத் தட்டில் வைத்தார். எங்களைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்கச் சொன்னார்.

நெருப்பு அருகே போனதுதான் தெரியும். சீறிக்கொண்டு மஞ்சளாக எழுந்தது. எரியும் துண்டை இடுக்கியால் கவ்வி வாளிக்குள் முக்கினார். அணையும் என்று நான் குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள்ளேயே குமிழி விட்டுக்கொண்டு அது எரிந்து முடிந்தது.

அதிகாரி மலாயில் ஏதோ சொன்னார்.

“என்ன சொன்னார்?” என்று சகலையைக் கேட்டேன்.

“இத்தினி துண்டு இப்படின்னா, டப்பா முழுசும் எப்படின்னு கேக்குறாரு.” தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இருநூறு பேர் லா, சகலை. எல்லாரும் நான் கூப்பிட்டு வரவங்க. சின்னப் புள்ளைங்க எல்லாம் வருதுங்க.”

பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்றைத் தெரியும் என்றும், டப்பாவைப் பத்திரமாக அங்கே சேர்ப்பதாகவும் அந்த அதிகாரி சொன்னார். சகலை கையெடுத்துக் கும்பிட்டார்.

சனி

பகல் இரண்டு மணிக்குக் கப்பல் ஏறினோம். நான்கு மணிக்குத் துறையை விட்டு நகர்ந்தபோது ஒரு குலுக்கல்கூட இல்லை; கரைதான் விலகிப் போனது. செல்விக்குக் கப்பலின் பின்புறத்தில் வேலை. கயிறு அவிழ்ப்பவர்களுக்கு நடுவே அவள் கை உயர்த்திக் கட்டளையிடுவதை மேல்தளத்திலிருந்து பார்த்தேன். ஜெஞ்சாரோம் என்ற ஊரிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர், “அந்தப் பொண்ணு தமிழ்ப் பொண்ணா அங்கிள்?” என்றார். என் மகள் என்றேன். அவர் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

ஐந்தரைக்குப் படம். சிறிய சுருள்கள் இரண்டும் திரையில் ஓடின. ஒன்றில் தோட்டப் பள்ளி விளையாட்டு விழா, மற்றதில் கிள்ளான் கடைத்தெரு. பாதுகாப்பான சுருள்தானே என்று செல்வி விட்டுவிடவில்லை. கருவியைச் சுற்றிக் கயிறு கட்டி யாரும் நெருங்காமல் பார்த்துக்கொண்டாள். அருகே தீயணைப்பானும் போர்வையும், பயிற்சி பெற்ற மாலுமிகள் இருவரும். வாசல் வழியில் போட்டிருந்த நாற்காலிகளை அவளே தூக்கி அகற்றினாள்.

படம் முடிந்ததும் சகலை ஒலிபெருக்கியை வாங்கினார்.

“கேரி தீவு பைனல் காட்டுறேன்னு சொல்லியிருந்தேன். காட்ட முடியல. அந்த ரோலு வெடிமருந்து மாதிரி. அத ஏத்த விடமாட்டேன்னு சொன்னது, அதோ கதவாண்ட நிக்கிற ஆபிசர். எம் பொண்டாட்டி தங்கச்சி மக. நேத்து எனக்குக் கோவம். அப்புறம் ஒரு துண்டு எரியறத என் கண்ணால பாத்தேன். இன்னிக்கு நீங்க எல்லாரும் பயமில்லாம உக்காந்திருக்கீங்கன்னா அது எங்க வீட்டுப் புள்ளையால.”

கைதட்டல் கூடத்தை நிறைத்தது. எல்லோரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். அவள் ஒருமுறை தலை குனிந்து நிமிர்ந்தாள். பிறகு சூடாக இருக்கும் கருவியை மாலுமி தனியே விட்டுப் போகிறானா என்று பார்க்கத் தொடங்கினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முந்தைய நாள் சுட்ட முகம் அப்போதுதான் ஆறியது.

விசா முடிய இரண்டு நாள் இருக்கையில்

பினாங்கு போய்த் திரும்பி, சகலையின் வீட்டிலேயே தங்கிவிட்டேன். காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரிய சுருளில் முன்பகுதி உருகிப் பாழாகிவிட்டது. மீதியைப் படம்படமாகக் கணினியில் படியெடுத்திருந்தார்கள். குளிரூட்டிய அறையில் சகலையும் புஷ்பம் அக்காவும் நானும் திரையின் முன் உட்கார்ந்தோம்.

வெறுங்காலோடு ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். கோட்டுக்கு வெளியே வேட்டியும் சேலையுமாகக் கூட்டம். கேமரா திரும்பியது. வலையருகே மெலிந்த, நெட்டையான ஒருவர் முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றார். பந்து வந்தது. அவர் பக்கவாட்டில் பாய்ந்தார். உடம்பு முழுவதும் காற்றில் கிடந்தது. பந்து விரலைத் தாண்டி உள்ளே போயிற்று. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், கேமரா பக்கம் பார்த்துச் சிரித்தார்.

“காதப் பாரு புஷ்பம். நம்ம சின்னவனோட காது,” என்றார் சகலை. மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும். “கோல் வாங்கிட்டாரு லா எங்கப்பா. ஆனா பாருங்க, என்னா பாய்ச்சல்!” சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

உடனே செல்விக்குப் போன் போட்டார். “அம்மாடி, இப்ப கம்ப்யூட்டர்ல இருக்கு. அடுத்த தடவ கப்பலுக்குக் கொண்டு வரலாமா?”

“தாராளமா வாங்க பெரியப்பா. மொத வரிசையில நானும் உக்காந்து பாக்குறேன்.”

திரும்பும் நாள் விமான நிலையத்தில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற திருச்சிக்காரர் பேச்சுக் கொடுத்தார். மகளைப் பார்க்க வந்தேன், கப்பலில் அதிகாரி என்றேன். நம் ஊர் வழக்கப்படி அடுத்த கேள்வி வந்தது: “சம்பளம் நல்லா வருமோ?”

“அது எனக்குத் தெரியாதுங்க,” என்றேன். “பெத்த அப்பன் போய் சிபாரிசு கேட்டும் முடியாதுன்னுட்டா.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான்,” என்று தோளைத் தட்டினார். அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. விமானம் ஏறும்வரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.