மூன்றாவது போர்ட்டின் மறுமுனை

இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால், என்னை இன்னும் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியிருப்பேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் அலுவலக சர்வரில் கேபிள் செருக மூன்று நெட்வொர்க் போர்ட். முதலாவது இணையத்துக்கு. இரண்டாவது அலுவலகக் கணினிகளுக்கு. மூன்றாவது எதற்கென்று யாருக்கும் தெரியாது. அதில் செருகியிருந்த சாம்பல்நிறக் கேபிள் சுவர் ஓட்டைக்குள் போய் மறைந்தது. அந்த வாரம் இரண்டு முறை அலுவலகம் முழுக்க இணையம் நின்றுபோனது. இன்னொரு முறை நின்றால் உங்கள் இருவரில் ஒருவர் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சர்வரையும் கேபிளையும் பார்த்துக்கொள்ளும் இருவரில் ஒருவர் நான். இன்னொருவர் முடிச்சு அண்ணன். அவர் கட்டிய கேபிளை யாராலும் அவிழ்க்க முடியாது, அதனால் அந்தப் பெயர். அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. என் வீட்டில் சம்பாதிப்பவள் நான் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை. கட்டடத்தில் நாங்கள் இருவர்தான். பிற்பகல் 3.40க்கு மறுபடி இணையம் போனது. சர்வரைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது போர்ட்டுக்கு யாரோ ஒரு நெட்வொர்க் முகவரி, அதாவது ஐ.பி. எண், கொடுத்திருந்தார்கள். எல்லாக் கணினிக்கும் முகவரி கொடுப்பது இந்த சர்வர்தான். இதற்கு யார் கொடுத்தது? கூடவே, தகவல் எந்த வழியாகப் போகவேண்டும் என்ற கட்டளையும் அந்தக் கேபிளில் வந்திருந்தது. வெளியே போகிற எல்லாவற்றையும் என்னிடம் அனுப்பு, என்று. சர்வரும் சொன்னபடி கேட்டு, இணையத்துக்குப் போகவேண்டியதையெல்லாம் அந்தக் கேபிளுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

கேபிளைப் பிடுங்கினால் வேலை முடிந்தது. நான் பிடுங்கவில்லை. என்னை மாட்டிவிட மறுமுனையில் ஏதோ ஒரு பெட்டியைச் செருகியது முடிச்சு அண்ணன்தான் என்று என் மனம் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது. காலையிலிருந்து அவர் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது.

கேபிளின் மறுமுனையைத் தேட எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. ஒருவர் அங்கே பிடித்து இரண்டு முறை இழுப்பார். இங்கே விரலில் உணர்ந்தால் அதுதான். அவரை மாடிக்குப் போகச் சொன்னேன்.

"போறேன் தாயே. அறுந்தா மட்டும் என் தலைல கட்டிடாத," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன்.

4.12. காதில் போன். விரல்களுக்கு இடையே கேபிள்.

சர்க்... சர்க்...

"கெடச்சிருச்சுண்ணே. எந்த ரூம்?"

"என்னது கெடச்சுது? நான் இன்னும் படியேறிட்டுதான் இருக்கேன்."

பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. படியில் செருப்புச் சத்தமும்.

ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.

ஒரு முறை இழுபட்டது.

மூன்று முறை இழுத்தேன்.

சர்க்... சர்க்... சர்க்...

போனில் என்ன உளறினேனோ, அவர் இறங்கி ஓடிவந்தார். கதவருகே நின்றார். இரண்டு கைகளிலும் ஒன்றுமில்லை.

கேபிள் இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது. மெதுவாக... விடாமல்...

"நீயா இழுக்குற?"

"இல்லண்ணே."

அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. வாரம் முழுக்க அவரும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்.

4.19. அவர்தான் பிடுங்கினார். இணையம் வந்துவிட்டது.

தரையில் விழுந்த முனை, சுவரை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்தது.

ஞாயிறு என்பதால் யாருக்கும் தெரியவில்லை. இருவர் வேலையும் தப்பியது. அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பத்து நாள் கழித்து எலக்ட்ரீஷியன் அந்தக் கேபிளை உருவினார். ஆறடிதான் வந்தது. ஓட்டைக்குள் ஒரு முழம் தாண்டி சிமெண்ட் பூசி அடைத்திருந்தது. மறுமுனையை என்றோ யாரோ வெட்டியிருந்தார்கள்.

கேபிள் முழுக்கத் தூசி. வெட்டிய முனையில் மட்டும் தூசியே இல்லை. நெடுநாள் விரல்பட்டுத் தேய்ந்ததுபோல, பளபளவென்று இருந்தது.