பின்கதவுக் கண்ணாடி முழுசா இறங்குமா?

கார்க் கதவைத் திறந்ததும் பாவாயி முதலில் தலையை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுப்பாள். "பூரி கெழங்கு. காளப்பநாயக்கன்பட்டியில தின்னிருக்கீங்க. நாப்பதாவது வளைவுல வந்துச்சுங்களா?" சாலையோரக் கல்லில் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பவர், "நாப்பத்திரண்டு" என்று ஒப்புக்கொள்வார். அதன் பிறகுதான் அவள் ரப்பர் குழாயை எடுப்பாள்.

கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிகிற இடத்தில் அவளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மலையேறும் வழியில் யாராவது வாந்தி எடுத்திருந்தால் வண்டியைக் கழுவித் தருவது தொழில். பதினோரு வருடமாகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதை யாரும் பார்த்ததில்லை. சேலையைத் தூக்கிச் செருகுவாள், முழங்கை வரை பிளாஸ்டிக் உறை மாட்டுவாள், வேலையைப் பார்ப்பாள். நடுவில் வாந்தி எடுத்தவர் சொம்பைத் தூக்கினால் மட்டும் அதட்டல் வரும். "வாயக் கொப்பளிச்சுட்டுக் கொஞ்சங் கொஞ்சமா நனைச்சுக்குங்க சாமி. மடமடன்னு குடிச்சா மறுபடியும் எனக்குத்தான் வேலை."

கார்களைப் பற்றி அவளுக்கு உறுதியான கருத்துகள் உண்டு. கம்பெனிப் பெயர் எதுவும் தெரியாது, எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம் என்ற பேச்சும் வேண்டாம். அவள் பார்ப்பது பின்சீட்டை. அதற்கு வெள்ளை உறை போட்டிருந்தால் போட்டவருக்கு வசவு விழும். தரைவிரிப்பு கையோடு கழன்று வர வேண்டும். எல்லாவற்றையும்விடப் பின்கதவுக் கண்ணாடி. "பாதி எறங்கி நின்னுக்குது பாருங்க. தலை வெளிய போவாத கண்ணாடி என்ன கண்ணாடி? இதச் செஞ்ச மவராசன் மலைப்பக்கமே வந்ததில்ல."

போன்களையும் இதே தராசில்தான் வைப்பாள். குனிந்து போன் பார்த்துக்கொண்டு வருகிறவர் இருபதாவது வளைவைத் தாண்டுவதில்லை. வளைவுகளைப் படமெடுக்கத் தூக்கிப் பிடிப்பவர் முப்பத்தைந்து வரை தாங்குவார். எழுபதையும் சிரித்த முகத்தோடு கடந்து வருகிறவர் சிக்னல் கிடைக்காதவர்தான். "அதனால டவர் எடுக்காத போன்தானுங்க நல்ல போன்."

சாயங்காலம் குழாயைச் சுருட்டியதும் டிவி. தொடரில் கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் அந்த வீட்டில் எல்லோரும் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வார்கள். பாவாயிக்கு ஆகாது. "காலைல அந்தப் புள்ள என்ன தின்னுச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா? கார்ல பின்சீட்டுலயில்ல வந்துச்சு!" மாமியார் ஓங்கி விட்ட அறையை மூன்று கோணத்தில் காட்டினால் இன்னும் ஆகாது. "ஒரே வளைவ மூணு தரம் திரும்புனா வண்டி எப்ப மேல வாரது?" புருஷன் சென்றாயன், "அப்ப நிறுத்திப் போடு" என்பார். "நிறுத்துனா நாளைக்கு என்னாச்சுன்னு உங்கப்பனா வந்து சொல்லுவாரு?"

போன மாதம் இந்தக் கருத்துகளுக்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே பரீட்சை வந்தது. மகன் மாதேஸ்வரன் ஆறு வருடமாக யாரோ ஒருவரின் ஜீப்பை அரியூர் நாட்டுப் பக்கம் ஓட்டுகிறான். சொந்தமாக ஒரு கார் வாங்கி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்க வேண்டும் என்பது அவன் கனவு. கீழே புரோக்கர் முருகானந்தத்திடம் பழைய கார் ஒன்று தோதாகக் கிடைத்தது. நிலம் பாவாயி பேரில் இருப்பதால் பேங்க் லோனுக்கு அவள் கையெழுத்து வேண்டும். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். "ஏறி வந்து பாத்துட்டுப் போடறேன்" என்று காலை பஸ்ஸில் கீழே இறங்கினாள்.

"மேல கூரை தொறந்துக்குமுங்கம்மா. நெலாப் பாக்கலாம்" என்றார் முருகானந்தம்.

"மேல பாத்தா வாந்தி எடுப்பாங்க?"

பின்கதவுக் கண்ணாடியை இறக்கினாள். முழுசாக இறங்கியது. ஏற்றி மறுபடி இறக்கினாள். தரைவிரிப்பு கழன்று வந்தது. சீட்டு கறுப்பு. முகத்தில் எதையும் காட்டாமல் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, புரோக்கரையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

மாதேஸ்வரன் ஓட்டினான். முன்னால் இருந்த பெரிய திரையில் பாட்டை மாற்றுவான், வரைபடத்தைப் பெரிதாக்குவான், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதிப்பான். முருகானந்தம் தன் போனில் வேறு வண்டிகளின் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். நாற்பத்து மூன்றில் பேச்சு நின்றது. நாற்பத்தைந்தில் தலையை வெளியே நீட்டினார். கண்ணாடி முழுசாக இறங்கியிருந்ததால் சீட்டில் ஒரு சொட்டு விழவில்லை.

மேலே வந்ததும் அவரைக் கல்லில் உட்கார வைத்து வாய் கொப்பளிக்கக் கொடுத்தாள். மாதேஸ்வரன் லோன் பாரத்தைப் பானெட்டின் மேல் விரித்துப் பேனாவை நீட்டினான்.

"வண்டி எப்படிம்மா?"

"தங்கமாட்டம் இருக்குது."

"அப்பப் போடு."

"அவரு ஏன் எடுத்தாரு?"

"போன் பாத்துக்கிட்டு வந்தாரு. நீதான எப்பவும் சொல்லுவ?"

"போனுக்குன்னா இருபதுலயே எடுத்திருக்கோணும். நாப்பத்தஞ்சு வரைக்கும் வண்டிதான் அவரக் காப்பாத்திக் கொண்டாந்துச்சு. எடுக்க வெச்சது நீ."

"நானா? என் ஜீப்புல இத்தன வருசத்துல ஒருத்தரு எடுத்திருக்காங்களா?"

"ஜீப்புல வாரது நம்ம சனம்டா. மூட்டையில கட்டி உருட்டிவுட்டாலும் அதுகளுக்கு ஒண்ணும் ஆவாது. வளைவுக்கு முன்னாடி மிதிக்காம உள்ள போயி மிதிக்கற. ஒவ்வொரு மிதிக்கும் என் கொடலு முன்சீட்டு வரைக்கும் போயிட்டு வந்துச்சு."

"அம்மா சொல்றது நெசந்தானுங்க தம்பி" என்றார் முருகானந்தம் கண்ணைத் திறக்காமல். விற்க வந்தவர் அவர்.

பதினோரு வருடமாக வண்டிகளையே குற்றம் சொல்லி வந்தவள் ஓட்டுகிறவனின் காலைப் பற்றி யோசித்தது அன்றைக்குத்தான். அதுவும் தான் பெற்ற கால். மாதேஸ்வரன் பாரத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "சாயந்தரத்துக்குள்ள சொல்லலன்னா போயிரும்மா" என்றான்.

"மணி என்ன இப்ப?"

"பதினொன்னு."

"சாயந்தரத்துக்குள்ள ரெண்டு தரம் எறங்கி ஏறலாம். ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சும் அவசரமுங்களா?" என்று புரோக்கரைக் கேட்டாள். அவர் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

பாவாயி பாரத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். மகன் கையிலிருந்த பேனாவையும் வாங்கிச் செருகினாள். பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, சாலை கீழே இறங்குகிற பக்கமாகத் தாடையை ஆட்டினாள்.