ஒன்றும் ஒன்றும்

தேனியிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண், விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே வந்தாள். நாமஜெபம் என்றே நினைத்தேன்.

"எந்தச் சாமிய நினைக்கிற ஆத்தா?"

"கணக்குக்கா. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வருது. அதுக்கு சைபரும் ஒண்ணும் மட்டுந்தான் தெரியுமாம். நீட்டுன விரல் ஒண்ணு, மடக்குனது சைபர். இன்னைக்குப் பரீட்சை. தோத்தா வேலைய விட்டு நிப்பாட்டிருவாக."

மறுபடி ஒரு விரலை மடக்கினாள். "பயத்துல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு எழுதிருவேனோ என்னமோ. அங்கன ரெண்டுங்கிற எழுத்தே கிடையாதுக்கா, ஒண்ணு சைபர்னு போடணும்."

அவளுக்குப் பூசிவிட, பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"நாங்க வேதக்காரவுகக்கா, சர்ச்சுல வைவாக" என்று ஒதுங்கினாள்.

மதுரை வந்தது. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து நெற்றியைக் காட்டினாள். "லேசா வச்சு விடுங்க."

நெற்றி வியர்த்துச் சில்லென்றிருந்தது. அவளுடைய சாமி கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று இன்றும் என் முருகனிடம் வேண்டிக்கொள்கிறேன்.