சினிமா கலியபெருமாளை விசாரிக்கப் பாகூர் போனேன்

காலை ஏழு மணிக்கு விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. மனசுதான் சரியில்லை. என் தங்கை மகன் செந்திலுக்குப் பாகூரில் ஒரு பெண் அமைந்திருக்கிறது. பெயர் தேன்மொழி, மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது, பையனுக்கும் பிடித்துவிட்டது. இடித்தது பெண்ணின் அப்பாதான். அவர் நாடக நடிகர், சினிமாவிலும் தலைகாட்டுகிறவர்.

"நீ போய் அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு வாண்ணா" என்றாள் தங்கை. சொல்லாமல் கொள்ளாமல் பெண்வீட்டு ஊருக்குப் போய், டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் வாயைக் கிளறிவிட்டு வருவது எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வேலை. நான் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். கடனுக்குக் கம்பி கேட்டு வருகிறவனை முகத்தைப் பார்த்தே எடை போட்டுவிடுவேன். அன்று காலை வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கலியபெருமாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. ஏழையின் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கும் தரகர், போலீசுக்கு ஆள்காட்டும் கடைக்காரர், பணத்துக்குச் சாட்சி மாறும் கிழவர், இப்படி அரை நிமிஷம் வந்து போவார். ஒரு படத்தில் பெற்ற மகளையே விற்றுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அதைப் பார்த்துவிட்டுத் தங்கை டிவியையே அணைத்துவிட்டாள். மனசில் கொஞ்சமாவது இல்லாமல் முகத்தில் அப்படி வருமா என்பது அவள் கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான்.

மதகடிப்பட்டில் மதுக்கடைப் பலகைகள் வரிசையாகத் தொடங்கியதும் புதுச்சேரி வந்துவிட்டது தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வில்லியனூர். அங்கே இறங்கி, இரண்டு இட்லி தின்றுவிட்டு, பாகூர் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய். நடத்துனர் மீதிச் சில்லறையைப் பிறகு தருகிறேன் என்றார். அவரையும் ஒரு கண் வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு கூலியாள் உட்கார்ந்திருந்தார். தலையில் முண்டாசு, முகமெல்லாம் நரைத்த தாடி முள், கூன் விழுந்த முதுகு, வாய் நிறைய வெற்றிலை. மடியில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். வெற்றிலையைத் துப்பிவிட்டு எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். உரித்த தொல்லியை, அதாவது மேல்தோலை, கீழே போடாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் இப்படி ஒரு மனுஷனா என்று பார்த்தேன்.

இரண்டு பக்கமும் கரும்பு நின்றது. மங்கலம் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தேன்.

"பாகூர்ல சினிமா கலியபெருமாள் தெரியுங்களா?"

"அந்தாளா? வாயத் தொறந்தா வசனம். நம்பாதீங்க. இன்னா விசயம்?" என்றார் கொழகொழத்த குரலில்.

"பொண்ணு எடுக்கலாம்னு."

"பொண்ணு நல்ல பொண்ணு. அப்பன்தான் ஒரு மாதிரி. ஆமா, உங்க புள்ள எப்பிடி?"

என் சந்தேகம் உறுதியானதில் எனக்கு ஒரே குஷி. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். செந்தில் தங்கமானவன், குடி கிடையாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது சமைத்துப் போட்டவன் என்றேன். கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவன் வேலை போய்விட்டது, இப்போது சென்னையில் வாடகைக்கார் ஓட்டுகிறான், பெண் வீட்டில் மட்டும் கம்பெனி வேலை என்றே சொல்லி வைத்திருக்கிறோம் என்றும் சொல்லித் தொலைத்தேன். பஸ்ஸில் பார்த்த ஆள், இறங்கினால் முடிந்தது என்ற தைரியம். அவர் கரிக்கலாம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டார்.

பாகூரில் இறங்கியதும் விசாரணையை ஆரம்பித்தேன். டீக்கடை அம்மா கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"திருவிழா நாடகத்துல மொதல்ல காவக்காரன், அப்பால மந்திரி, அப்பால ராஜா. சினிமாவுக்குப் போனாரு, ஆள்காட்டி வேசமே குடுத்தானுங்கோ. ரொம்ப நல்ல மனுசன்பா."

உரக்கடைக்காரரும் நல்ல மனுஷன் என்றார். சைக்கிள் கடைக்காரரும் அதையே சொன்னார். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊரே அவருடைய நாடகக் கோஷ்டியோ என்று தோன்றியது.

"போன வருசம் ஒரு எடத்துல இருந்து வந்தாங்க. பொண்ண வித்த ஆளு வூடான்னு கேட்டுட்டு அப்பிடியே திரும்பிட்டாங்க சார். நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா?" என்றார் உரக்கடைக்காரர். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. யூரியா விலை கேட்டுவிட்டு நழுவினேன்.

ஏரிக்கரைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மாப்பிள்ளையின் மாமா என்று சொல்லி, இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்ற பொய்யோடு வீட்டுக்குள் நுழைந்தேன். கலியபெருமாளின் மனைவி அஞ்சலையம்மா நாற்காலி போட்டார். சுவரில் கணவரின் வேஷங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. எல்லாம் ராஜா வேஷம்தான், சினிமாப் படம் ஒன்றுகூட இல்லை. பெண் வேலைக்குப் போயிருந்தாள். சற்று நேரத்தில் கலியபெருமாளே வந்தார். மழமழவென்று சவரம், வெள்ளை வேட்டி, நிமிர்ந்த நெஞ்சு, கணீரென்ற குரல். இந்த ஆளை நம்பக்கூடாது என்று முதல் பார்வையிலேயே முடிவு கட்டினேன்.

"மாப்ளைக்கு எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டார் அஞ்சலையம்மா.

"சென்னையில. பெரிய கம்பெனிம்மா."

தட்டில் அவித்த மல்லாட்டை வந்தது. கலியபெருமாள் ஒன்றை எடுத்து உரித்தார். பருப்பை வாயில் போட்டார். தொல்லியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் எனக்கு மல்லாட்டை அள்ளிக் கொடுத்த அதே கை. அதற்கப்புறம் அவர் என்ன பேசினார், நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். வாசல் வரை வந்தவர் முதுகை லேசாகக் கூன் போட்டுக்கொண்டார்.

"இன்னா சார், நம்பாதீங்கன்னு நான்தான் அப்பவே சொன்னேனே?" அதே கொழகொழத்த குரல்.

எனக்கு அவமானமும் கோபமும் சேர்ந்து வந்தன. "வேஷம் போட்டு ஏமாத்திட்டீங்களே!"

"வேசம் போடல சார். நேத்து வரைக்கும் கூலியாளா ஷூட்டிங், அந்தக் கூனு இன்னும் போவல, அந்தத் தாடியோட வூட்டுக்கு வந்தா இவ திட்டுவா, அதான் எறங்கி சவரம் பண்ணிக்கினேன். எம் பேரச் சொல்லிக் கேட்டீங்க, கொஞ்சம் நடிச்சுப் பாத்தேன். மாப்ளைக்கு விசாரிக்க மாமா வந்தாரு. எம் பொண்ணுக்கு விசாரிக்க யாரு கீறாங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்தச் சம்பந்தம் என் வாயாலேயே போய்விட்டது, தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்?

"அம்மாவுக்குச் சமைச்சுப் போடற புள்ள. காரு ஓட்டுனா இன்னா, எனக்குச் சம்மதம். ஆனா அந்த விசயத்த உள்ள போய் அவகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"நீங்களே பக்குவமா சொல்லிடக் கூடாதா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் எத சொன்னாலும், நடிக்காதய்யான்றா."

சிரிக்கவில்லை அவர். தெருமுனையில் வில்லியனூர் பஸ் ஹாரன் அடித்தது. ஓடினால் பிடித்துவிடலாம். நான் மறுபடி செருப்பைக் கழற்றினேன்.

அஞ்சலையம்மா மல்லாட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இன்னாங்க, எதனா மறந்துட்டீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்."