முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு திருத்தம்

இந்தப் பத்தியில் நான் அடிக்கடி கோபப்படுகிறேன் என்று சில வாசகர்கள் குறைப்படுகிறார்கள். இந்த வாரமும் கோபம்தான். முதலிலேயே சொல்லிவிட்டேன், விரும்பாதவர்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போகலாம்.

மூன்று கிழமைக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை. குசினியில் திருக்கை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் றீகன் ஒரு தடித்த ஃபைலோடு வந்து நின்றான். எங்கள் பாடசாலையில் உயர்தரம் (ஏ.எல்.) விஞ்ஞானப் பிரிவு முடித்து இந்த வருடம் வெளியேறும் பன்னிரண்டு பேரில் ஒருவன். பிரியாவிடைக்கு நினைவு மலர் போடுகிறார்கள். இவன்தான் மலராசிரியர்.

"அன்ரி, இதை ஒருக்காப் பிழை திருத்தித் தாங்கோ. புதன்கிழமை அச்சுக்குக் குடுக்கோணும்."

"மேசையில வை. கை கழுவிப்போட்டு வாறன்."

"பழைய மாணவி எண்டு நீங்களும் ஒரு வாழ்த்துச் செய்தி எழுதித் தாங்கோ. படமும் வேணும். பதினாலாம் பக்கம் உங்களுக்கெண்டு விட்டிருக்கு."

பிழை திருத்துவது எனக்குப் பிடித்த வேலை. சிவப்புப் பேனாவோடு கதிரையில் உட்கார்ந்தேன்.

முதலாம் பக்கம் – ஆசிச் செய்தி. இரண்டாம் பக்கம் – ஆசிச் செய்தி. மூன்றாம் பக்கம் – வாழ்த்துச் செய்தி... பத்தொன்பது பக்கத்துக்கு இதே கதைதான். பக்கத்துக்கு ஒரு பெரியவர், கழுத்தில் ஒரு ரை, ஒரு 'மட்டற்ற மகிழ்ச்சி'. படித்து முடித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க இருபதாம் பக்கம் வரை நடக்க வேண்டும். மலர் யாருக்கு? இந்தச் செய்திகளை வாசித்த ஒரு மனிதரையாவது நீங்கள் சந்தித்ததுண்டா? நான் சந்தித்ததில்லை.

சரி, பிள்ளைகள் எழுதியதையாவது வாசிப்போம் என்று புரட்டினேன்.

'பட்டாம்பூச்சிகளாய்ச் சிறகடித்துத் திரிந்த அந்த வசந்த காலம்...' என்று தொடங்கியிருந்தான் முதலாமவன். அடுத்தவளும் பட்டாம்பூச்சி. எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பட்டாம்பூச்சிகள். மிச்சம் மூன்று பேரும் ஒரு கூட்டுப் பறவைகள்.

சோளகக் காற்றுத் தொடங்கினால் மணல் வந்து கண்ணில் அடிக்கிற ஊர் இது. இங்கே எந்த வசந்தத்தில், எந்தப் பட்டாம்பூச்சி சிறகடித்தது? மன்னார் ரவுணில் தெருவுக்குத் தெரு நிற்கும் கழுதைகள் எங்கே போயின? முழு மலரிலும் ஒரு கழுதைகூட இல்லை.

பின்னேரம் றீகன் வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"உங்கட வகுப்புக்குள்ள கழுதை வந்ததே இல்லையோ?"

"வந்ததே. மெரினாவின்ர பிராக்டிக்கல் கொப்பியைத் திண்டு முடிச்சது."

"அதை ஏன் ஒருத்தரும் எழுதேல்லை?"

"மலரில அப்பிடி எழுதுறதில்லையே அன்ரி."

எனக்கு வந்த எரிச்சலில் முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தேன். நன்றிப் பக்கம். பௌதிகவியலுக்கு ஒருவர், உயிரியலுக்கு ஒருவர். நான்காம் வரியில், 'இரசாயனவியலை அமுதமாய் ஊட்டிய ஆசிரியர்'. பெயர் மட்டும் இல்லை.

"பேரை விட்டுட்டீங்கள். ஆர் இவர்?"

றீகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை அன்ரி. போன வருச மலரில இருந்தது. பேரை எடுத்துப்போட்டு மிச்சத்தை விட்டனாங்கள்."

கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. பன்னிரண்டாம் தரத்தின் இரண்டாம் தவணையில் இரசாயனவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. பதின்மூன்றாம் தரம் முடியும்வரை வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாஸ்டர் உப்புக்குளத்துக்கு வந்து ரியூசன் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். ஆனால் வகுப்பில் பதினொரு பேர் வேதக்காரர், கத்தோலிக்கப் பிள்ளைகள். ஞாயிறு காலை பூசை, பூசை முடிய மறைக்கல்வி. றீகன் பீடப்பணியாளன் வேறு. இவன் பீடத்தில் நிற்காமல் ரியூசனில் இருந்தான் என்று தெரிந்தால் தாய் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

மிச்சம் ஒரே ஒரு சைவப் பிள்ளை, கஜானி. பாப்பாமோட்டையில் வயல் செய்கிற குடும்பம். முதல் பஸ் பிடித்து, பாலம் கடந்து, பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தி ரியூசனுக்குப் போனாள். திங்கட்கிழமை முதலாம் பாடவேளையில் சோக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றாள்.

"முதல் நாள் பகிடிக்கு எல்லாரும் எழும்பி நிண்டு 'குட் மோர்னிங் ரீச்சர்' எண்டனாங்கள்," என்றான் றீகன். "பிறகு ஒவ்வொரு திங்களும் எழும்பினனாங்கள். பகிடி இல்லை."

ஒரு முறை இரசாயனவியலில் மூல் (mole) கணக்கொன்றை அவள் பிழையாகக் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள். தவணைப் பரீட்சையில் பன்னிரண்டு பேரும் அதே பிழையை, அதே வரியில், அதே மாதிரி விட்டார்கள். வெளியிலிருந்து தாள் திருத்தியவர்கள் கூட்டமாகப் பார்த்து எழுதியதென்று நினைத்து விசாரணை வைத்தார்கள். அடுத்த திங்கள் மணி அடிக்க முன்பே கஜானி வந்து கரும்பலகை முழுவதும் அந்தக் கணக்கைத் திருத்தி எழுதி வைத்திருந்தாளாம்.

இதைவிட ஒரு வகுப்புக்கு வேறென்ன நினைவு வேண்டும்? கஜானியின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அரைப் பக்கம். பட்டாம்பூச்சி. கடைசி வரியில் அவளும் அந்த இல்லாத ஆசிரியருக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனேன். உப அதிபர் நல்ல மனுசி. புதிய ஆசிரியர் கேட்டுக் கடிதம் எழுதி எழுதிக் களைத்துப்போனவர்.

"நீங்கள் சொல்லுறது விளங்குது," என்றார். "ஆனா ஆசிரியர் இல்லை எண்டு அச்சில போட்டா, வாழ்த்துச் செய்தி தந்த கல்வித் திணைக்களப் பெரியாக்களின்ர முகத்தை நான் எப்பிடிப் பார்க்கிறது?"

"அப்ப பொய்யை அச்சடிக்கலாமோ?"

"அது பொய்யில்லை. வழமை."

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து என்னுடைய பழைய மலரைத் தேடினேன், சண்டைக்கு ஆதாரம் வேண்டும் என்று. கிடைத்தது. நாங்கள் ஏ.எல். படித்தது யுத்த காலம். அந்த இரண்டு வருடத்தில் எங்கள் வகுப்பு மூன்று இடத்தில் நடந்தது. அதில் ஒன்று மரத்தடி. மழை வந்தால் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினோம். அதைப்பற்றி நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா?

'பட்டாம்பூச்சிகளாய்ச் சிறகடித்து...'

வெட்கமாகப் போய்விட்டது. மரத்தடியில் எங்களோடு நனைந்த ஆசிரியையின் பெயரைக்கூட நான் எழுதவில்லை. இப்போது யோசித்தால் அந்தப் பெயர் நினைவுக்கு வருவதில்லை. மலர் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிள்ளைகளின் பக்கத்தைத் திருத்தலாம், வெட்டலாம். வாழ்த்துச் செய்தியில் கைவைக்க ஒருவருக்கும் துணிவு வராது. என்னிடமும் ஒன்று கேட்டிருந்தார்களே... மட்டற்ற மகிழ்ச்சியோடு எழுதினேன். பஸ், ரியூசன், திங்கட்கிழமை, சோக்கட்டி எல்லாம். மூல் கணக்கை மட்டும் விட்டுவிட்டேன். பிள்ளையின் பிழையை ஏன் அச்சில் போட வேண்டும் என்று நினைத்தேன். பதினான்காம் பக்கத்தில் என் படத்தோடு ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது.

போன வெள்ளிக்கிழமை பிரியாவிடை. பாட வாரியாக ஆசிரியர்களை மேடைக்கு அழைத்து மாலை போட்டார்கள். மாலைத் தட்டை ஏந்தி நின்றவள் கஜானி. எல்லாருக்கும் போட்டு முடிய, தட்டில் ஒரு மாலை மிச்சம். போன வருடப் பட்டியலைப் பார்த்து மாலை கட்டுவித்திருக்கிறார்கள்.

அறிவிப்பாளர் தடுமாறினார். பிறகு அந்த மாலையை எடுத்து, ஏற்கனவே ஒரு மாலையோடு இருந்த பிரதம விருந்தினரின் கழுத்தில் இரண்டாவதாகப் போட்டார்கள். மண்டபம் கைதட்டியது. கஜானி வெறுந்தட்டோடு மேடையை விட்டு இறங்கினாள். பன்னிரண்டு பேரில் ஒருவராவது எழும்புவார் என்று பார்த்தேன். றீகன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் என்ன செய்தேன்? கதிரையை விட்டு எழும்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மலரைக் கொடுத்தார்கள். எல்லாரும் அவரவர் படம் இருக்கும் பக்கத்தைப் புரட்டினார்கள். உப அதிபர் என் கையைப் பிடித்து, "உங்கட செய்தி அருமை," என்றார். வாசித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த நாள் காலை றீகனிடம் இலக்கம் வாங்கிக் கஜானிக்கு அழைத்தேன்.

"மலர் வாசிச்சனியோ பிள்ளை?"

"ஓம் அன்ரி. முழுக்க வாசிச்சனான்."

"பதினாலாம் பக்கம்?"

"அது வாழ்த்துச் செய்தியெல்லோ. அதுகளை ஆர் வாசிக்கிறது..." சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, அன்ரியின்ரயோ?"

"எடுத்து வாசி. நான் லைனில நிக்கிறன்."

தாள் புரளும் சத்தம். தூரத்தில் உழவு மெஷின் ஒன்று போய் முடிந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அன்ரி... அந்த மூல் கணக்கு நான் பிழையாப் படிப்பிச்சதை நீங்கள் எழுதேல்லை."

"அது எதுக்கு?"

"எழுதியிருக்கலாம். அதுதான் மெய்யா நடந்தது."

"பேப்பரில எழுதட்டோ?"

"எழுதுங்கோ. ஆனா பிழையையும் சேர்த்து எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். இனி, மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் 31, வரி 4: 'இரசாயனவியலை அமுதமாய் ஊட்டிய ஆசிரியர்' என்றிருப்பதை 'கஜானி' எனத் திருத்தி வாசிக்கவும்.